ரஜினி ஜோக்ஸ்

நடிகர் ரஜினிகாந்தின் (பி. 1950) உடம்பு இயற்கை விதிகளுக்குக் கட்டுப்படாது என்று அடித்துவிடப்படும் ஒற்றை வரிப் புளுகுகள் ரஜினி ஜோக்ஸ் எனப்படும். தண்டால் எடுக்கும்போது அவர் மேலே எழுவதில்லை, பூமிதான் கீழே இறங்குகிறது என்பது ஒரு மாதிரி. சிரிக்காமல், பொது அறிவுத் தகவல் போலச் சொல்ல வேண்டும் என்பதே இதன் இலக்கணம்.

முன்னோடிகள்

முந்தைய தலைமுறை இத்தகைய கதைகளை நம்பிப் பேசியது. நடிகர் எம்.ஜி.ஆரின் மேனி நிறத்துக்குத் தங்க பஸ்பம் காரணம் என்ற பேச்சு நெடுங்காலம் உலவியது. நிஜமும் அத்தகைய கதைகளுக்குத் தீனி போட்டது: 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தும் எம்.ஜி.ஆர். பிழைத்து, அவ்வாண்டே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். விஜயகாந்தின் ‘நரசிம்மா’வில் (2001) திரைக்கதையே துணுக்கை முந்திக்கொண்டது: நாயகன் உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், வெடிப்பது டிரான்ஸ்பார்மர்.

வளர்ச்சி

2005இல் அமெரிக்காவில் நடிகர்கள் வின் டீசலையும், பின்னர் சக் நாரிஸையும் வைத்து இவ்வகைத் துணுக்குகள் பரவின. 2010இல் ‘எந்திரன்’ வெளியானபோது அதே அச்சில் ரஜினி பெயர் இந்தியா முழுவதும் குறுஞ்செய்திகளில் சுற்றியது. ‘மூன்று முடிச்சு’ (1976) காலத்திலிருந்து சிகரெட்டைச் சுண்டி உதட்டில் பிடித்தவர், இப்போது ரோபோவாகவே நடித்தார். எந்தப் புளுகும் பொருந்திப்போனது.

ஈஸ்ட் ஹாம்

ரஜினி ரசிகர்கள் வாழும் லண்டனுக்குப் புளுகு புதிதல்ல. புளுகுக்குப் பேர்போன கதைநாயகன் பாரன் மன்ச்சாசனின் வீரப்பிரதாப நூல் 1785இல் அங்கேதான் அச்சேறியது. ஆனால் மன்ச்சாசன் தன் பெருமையைத் தானே அளக்கிறார். ரஜினிக்கு அந்த வேலையை ரசிகர்கள் பார்க்கிறார்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில், பார்க்கிங் சாலையில் 1938இல் ஓடியனாகத் தொடங்கி, 1981இல் மூடப்பட்டு, 1995இல் இந்தியப் படங்களுக்காக மீண்டும் திறந்த போலின் திரையரங்கில் தமிழ்ப் படங்களும் ஓடியுள்ளன. சக் நாரிஸ் துணுக்கை ஆங்கிலத்தில் கேட்டு வளர்ந்த அங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு ரஜினி ஜோக்கை விளக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றினால் போதும்.

மதிப்பீடு

துணுக்குகள் உச்சத்திலிருந்த 2011இல் ரஜினி நோயுற்று, சிங்கப்பூரில் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். திரைக்கு வெளியே வழுக்கையையும் நரைத்த தாடியையும் அவர் மறைப்பதில்லை. அந்த உடம்பை எல்லோரும் பார்த்திருப்பதால்தான் புளுகு புளுகாகவே நிற்கிறது; தங்க பஸ்பம்போல நம்பிக்கையாக மாறவில்லை.