மிஞ்சிய மாங்காயும் கொம்பனித்தெருச் சாடியும்

கொழும்பு என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்ற வினாவுக்கு விடை கூற முயன்றோருள் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமியும் ஒருவர். கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து, பின்னர் தப்பிச் சென்ற அவர், 1681ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த தம் நூலிலே ஒரு கதை சொல்கின்றார். கடற்கரையிலே ஒரு மாமரம் நின்றது. சிங்களத்தில் மாவுக்கு ‘அம்ப’ என்றும் இலைக்கு ‘கொல’ என்றும் பெயர். அந்த மரம் ஒருநாளும் காய்த்ததில்லை. இலை மாத்திரமே தழைத்தது. ஆகவே மக்கள் அதனைக் ‘கொலம்ப’ என்றனர். பின்வந்த கிறித்தவர்கள் கொலம்பசைப் பெருமைப்படுத்தும் பொருட்டு அதனைக் ‘கொலம்போ’ ஆக்கிவிட்டனர். இதுவே அவர் கதை.

கதை இனிமையானது, ஆயினும் அதன் பிற்பகுதி நிற்காது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி, இத்தீவின் அழகிய பெரிய நகரங்களுள் ஒன்றாகக் ‘கலன்பு’ என்னும் ஊரைக் குறிப்பிடுகின்றார். கொலம்பசோ அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்துப் பிறந்தவர். மாமரப் பகுதியை நேயர்கள் விரும்பினால் நம்பிக்கொள்ளலாம்.

காய்க்காத மாமரத்தால் வீட்டுக்காரிக்கு ஒரு தொல்லையுமில்லை. காய்க்கின்ற மரத்தின் கதை வேறு. கொழும்பிலே ஒரு கொல்லைப்புறத்து மாமரம் நல்ல பருவத்தில் நூற்றுக்கணக்கிற் காய்க்கும். அவை யாவும் இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளே முற்றிப் பழுத்துவிடும். அணிலுக்கும் வௌவாலுக்கும் உரிய பங்கு போகும். மதில்மேல் ஏறும் சிறுவர்களின் பங்கும் போகும். அயல் வீடுகளுக்கு ஓலைப்பெட்டியிற் கொடுத்தனுப்பியதும் போகும். எஞ்சிய குவியல் அடுக்களை மூலையிலே கிடந்து நாளுக்கு நாள் மணம் மாறும். அழுகல் முந்துமா, அடுக்களை முந்துமா என்பதே அப்போது எழும் கேள்வி. அரசர்களின் போர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். இந்தப் போட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. கொழும்புக் கோட்டைக்கு அண்மையிலே, பேர வாவியின் கரையில் அமைந்த கொம்பனித்தெரு அந்த வரலாற்றைக் காண்பதற்குத் தகுந்த இடம்.

முதலிலே உப்பு. மாவிலிருந்து பழுக்குமுன் உதிர்ந்த பிஞ்சையும் காயையும் பொறுக்கி, உப்பிட்டு, தம் நாட்டில் எலுமிச்சையை ஊறவைப்பதுபோல ஊறவைப்பர் என்று இந்தியாவைப் பற்றி எழுதுமிடத்து அதே இபின் பதூதா கூறுகின்றார். இஞ்சியையும் மிளகுக் கொத்தையும் அவ்வாறே செய்து, ஒவ்வொரு கவளத்துக்கும் பின் சிறிது தொட்டுக்கொள்வார்களாம். கவனிக்க வேண்டியது, அந்த ஊறுகாயிலே மிளகாய் இல்லை. மிளகாய் அமெரிக்கச் செடி; போர்த்துக்கேயரின் கப்பல்கள் இத்திசைக்கு வந்த பின்னரே அது நம் உரலைக் கண்டது. இன்று சிவந்த தூள் தூவாத மாங்காய்க் கீற்றைக் கொழும்புச் சிறுவன் மாங்காயென்றே ஒப்பமாட்டான்.

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் வந்தனர். 1518இற் கொழும்பிற் கோட்டை கட்டத் தொடங்கினர். அவர்கள் அடுக்களைக்குத் தந்தது மிளகாய் மட்டுமன்று. இலங்கைத் தமிழர் இன்றும் ‘வினாகிரி’ என்று சொல்லும் சொல் அவர்களுடைய சொல்லே. தென்னங்கள்ளு தானாகவே புளித்துக் காடியாகும். அதற்குப் பறங்கிப் பெயர் ஏறியது. பதிலுக்கு அவர்கள் தமிழின் மாங்காயையோ மலையாளத்தின் மாங்ஙாவையோ ‘மங்கா’ என்று எடுத்துச் சென்று ஐரோப்பாவுக்குக் கொடுத்தனர். ‘அச்சாறு’ என்பதோ எவர் வீட்டுப் பிள்ளை என்று துணிந்து கூற இயலாத சொல். பாரசீகத்திலும் மலாயிலும் போர்த்துக்கேயத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் சிற்சில மாற்றத்தோடு அது வழங்குகின்றது. துறைமுகங்களிற் புழங்கும் சொற்களின் இயல்பு அது.

1580களிற் கோவாவில் வாழ்ந்த லின்சோத்தன் என்னும் ஒல்லாந்தர், பச்சை மாங்காயைக் கீறி உள்ளே பச்சை இஞ்சியும் உள்ளியும் அடைத்துப் பதப்படுத்தும் முறையை எழுதிவைத்தார். அவருடைய நூல் 1596இல் வெளிவந்தது. அதே நூலிற் காணப்பட்ட கடல்வழிச் செய்திகளைத் துணைகொண்டு ஒல்லாந்தரின் கப்பல்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. மாங்காய்ச் சாடிகள் எதிர்த்திசையிலே மேற்கு நோக்கிச் சென்றன. அச்சாடிகளின் சுவை கண்ட இங்கிலாந்தில் மாமரம் இல்லை. ஆகவே அங்குள்ளோர் வெள்ளரிக்காயைக் குடைந்து, உள்ளே காரப்பொருள்களை அடைத்து, வினாகிரியில் இட்டு, அதற்கே ‘மாங்கோ’ என்று பெயர் வைத்தனர். 1699இல் ஜோன் ஈவ்லின் வெளியிட்ட நூலிலே ‘வெள்ளரி மாங்கோ’ செய்யும் முறை காணப்படுகின்றது. பிற்காலத்தில் முலாம்பழம், பீச்சுப்பழம் எல்லாம் இவ்வாறே ‘மாங்கோ’ ஆயின. ஆங்கிலத்திலே அச்சொல் ஊறுகாயிடுதல் என்னும் வினையாகவும் வழங்கியது. மாங்காயே இல்லாத மாங்காய்! நம் அடுக்களையின் சிக்கன உபாயம் ஒன்று கடல் கடந்து இவ்வளவு மதிப்புப் பெற்றது.

ஒல்லாந்தர் 1656இற் கொழும்பைக் கைப்பற்றினர். கொம்பனித்தெருவின் கொம்பனி அவர்களுடைய கிழக்கிந்தியக் கொம்பனி என்பர். அங்கு தங்கிய படைப்பிரிவையே அச்சொல் குறித்தது என்போரும் உளர். ஆங்கிலத்தில் அவ்விடத்துக்கு வழங்கிய பெயரோ ‘அடிமைத் தீவு’. பகலெல்லாம் கோட்டையிலும் வீடுகளிலும் உழைத்த அடிமைகள், இரவானதும் வாவிக்கு நடுவே இருந்த அந்நிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் நீந்தித் தப்பாதிருக்க வாவியில் முதலைகள் விடப்பட்டன என்று ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு.

அந்த அடிமைகள் யாவர்? கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆபிரிக்கக் கரையிலிருந்தும் வந்தவர்கள் பலர். தமிழர்களும் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். 1658இல் ஒல்லாந்தர் நாகபட்டினத்தைப் பிடித்தனர். அடுத்த ஆண்டு தொடங்கி 1661 வரை தஞ்சை நாட்டைப் பஞ்சம் வாட்டியது. பசியினால் தம்மையும் தம் மக்களையும் விற்றோர் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றப்பட்டனர். தமிழகத்திலே மாங்கொட்டையை உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை உலர்த்தி வைக்கும் வழக்கம் உண்டு. பஞ்சக் காலத்தில் அந்தத் துவர்ப்புப் பருப்பும் மாவாகி வயிற்றுக்குப் போயிற்று. கொட்டையையே உண்டறிந்தவர்கள் எசமானின் முற்றத்திலே நல்ல காய் மண்ணிற் கிடந்து அழுகுவதைக் கண்டபோது என்ன எண்ணியிருப்பர்? கொம்பனியின் ஏடுகள் அடிமைகளை எண்ணின, விலையிட்டன. அவர்கள் என்ன சமைத்தார்கள் என்பதை எழுதுவது கணக்கரின் வேலையாக இருக்கவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயே.

ஒல்லாந்தர் காலத்தில் மற்றொரு கூட்டத்தாரும் வந்தனர். யாவாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினர் சிலர். 1708இல் அனுப்பப்பட்ட மூன்றாம் அமங்குராத் என்னும் மன்னன் அவர்களுள் ஒருவன். அவர்களிலும் மிகப் பலர் படைவீரர்கள். இலங்கையில் இவர்கள் யாவருக்கும் மலாயர் என்றே பெயராயிற்று. 1796க்குப் பின் அவ்வீரர்கள் ஆங்கிலேயரின் படையிற் சேர்ந்தனர். இலங்கை ரைபிள் படை கொம்பனித்தெருவிலே பாளயம் கொண்டிருந்தது. மலே வீதி, ரைபிள் வீதி, யாவா லேன் என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. 1873இற் படை கலைக்கப்பட்டபின் மலாயர் பலர் பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தனர். அப்பேட்டையிலே பள்ளிவாசலும் முருகன் கோயிலும் விகாரையும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதை இன்றும் காணலாம். படைவீரர் குடும்பத்திற் பிறந்த பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் ‘ஆலாமத் லங்காபூரி’ என்னும் மலாய்ச் செய்தித்தாளை அரபெழுத்திலே கொழும்பில் வெளியிட்டார். மலாயில் மாவுக்கு ‘மங்கா’ என்றே பெயர். அதுவும் தென்னிந்தியாவிலிருந்து சென்ற சொல்லே. பிறந்தகம் போன சொல் புகுந்தகத்தாரோடு திரும்பி வந்த கதை இது.

மலாய் அச்சாறு என்று கொழும்பார் போற்றுவது சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம் ஆகியவற்றைக் கடுகு அரைத்த வினாகிரியில் ஊறவைத்த இனிப்பும் காரமும் கலந்த பண்டம். பெருநாளிலும் கலியாணத்திலும் மஞ்சட் சோற்றுக்குத் துணை. கொழும்புத் தெருக்களில் விற்கும் மாங்காய் அச்சாறு, அம்பரெல்லா அச்சாறு, வெரலு அச்சாறு ஆகியவற்றிலும் இந்த வினாகிரி, சீனி, மிளகாய்க் கூட்டே ஆள்கின்றது. மூன்றும் மாவைப் போலவே நடுவிலே கடுங்கொட்டை உடைய கனிகள். தத்தம் பருவத்திற் குவிந்து தொல்லை தருவன. காலிமுகத்திடலில் மாலைவேளையில் நிற்கும் வண்டிகளைக் கண்டோர் இதனை அறிவர்.

யாழ்ப்பாணத்தார் இதற்கு வேறு வழி கண்டனர். அங்கு மாம்பழக் காலமாகிய வைகாசி ஆனியில் வெயில் கொளுத்தும். பெருமழை ஐப்பசி கார்த்திகையிலேதான். ஆகவே கீறி உப்பிட்ட மாங்காய் பாயிலே வற்றலாகும். ஆடி ஆவணியில் விழும் பனம்பழத்தின் களி பந்தலிற் காய்ந்து பனாட்டாகும். கொழும்பிலோ வைகாசியிலேயே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். காயவைத்த மாங்காயை ஒரு நாளிலே மூன்று தடவை வீட்டுக்குள் அள்ளிச் செல்ல எவருக்குப் பொறுமை உண்டு? வெயிலை நம்பியவர் வற்றல் போட்டார். மழைக்கு அஞ்சியவர் வினாகிரியை நாடினார். சுவை வேறுபாட்டுக்குச் சாதியையும் மதத்தையும் காரணமாகச் சொல்வோர் வானத்தையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நலம். யாழ்ப்பாணத்தார் உயிரென மதிக்கும் மாம்பழத்தின் பெயர் ‘கறுத்தக் கொழும்பான்’ என்பது இங்கே நினைக்கத் தக்கது. புட்டுக்கு அதுவே துணை என்று சாதிப்பவர், அந்தப் பெயரிலுள்ள ஊரை அவ்வளவாக நினைப்பதில்லை.

சாடிக்குள் நிகழ்வது எளிய செயலே. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கின்றது; நீர் குறைந்த இடத்தில் அழுகற் கிருமி பெருகாது. வினாகிரியின் புளிப்பும் அதனைத் தடுக்கின்றது. செறிந்த சீனிப்பாகும் அவ்வாறே. முற்றிய பச்சைக்காயிலே இயற்கைப் புளிப்பும் பாகை இறுகச் செய்யும் பசையும் மிகுதி. அதனாலேயே சட்னிக்கு அது உகந்தது; கனிந்து குழைந்தது உதவாது. காம்பில் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். ஆகையால் ஆய்ந்த காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடிந்தபின்பே கழுவுவர். ஈரக் கரண்டி பட்ட சாடி பூஞ்சணம் பிடிக்கும். இவற்றையெல்லாம் பாட்டிமார் இரசாயனம் கல்லாமலே அறிந்திருந்தனர். கரண்டியைத் தொட்ட சிறுவரின் கையிலே அறைந்து கற்பித்தும் இருந்தனர்.

1929ஆம் ஆண்டில் ஹில்டா டியூட்ரம் தொகுத்த சமையல் நூல் ‘சிலோன் டெயிலி நியூஸ்’ பெயரால் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆங்கிலம் அறிந்த இல்லங்களின் கைப்பக்குவம் அச்சேறியது நல்லதே. ஆனால் அந்த இல்லங்களிற் பலவற்றிலே அம்மிக்கு முன் அமர்ந்திருந்தவள் ஆங்கிலம் அறியாதவள். மலாய்க் குடும்பங்கள் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பேணிவந்துள்ளன. அடிமையின் வழிவந்தோருக்கு ஏடு இல்லை, பட்டயம் இல்லை. அவர்களிடமிருந்து இந்நகரம் பெற்றவற்றுள் மிஞ்சியிருப்பது சாடிக்குள் இருப்பதாகவே தோன்றுகின்றது. எந்தக் கை எதனைச் சேர்த்தது என்று பிரித்துக் காட்ட மட்டும் இயலாது.

2022ஆம் ஆண்டில் ‘அடிமைத் தீவு’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரை விடுத்து, மும்மொழியிலும் கொம்பனித்தெரு என்ற பெயரையே வழங்குமாறு அரசாங்கம் பணித்தது. பெயர் மாறுவதற்கு முன்னரே ஊர் மாறத் தொடங்கிவிட்டது. 2010க்குப் பின்னர் பழைய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன; அங்கு வாழ்ந்தோர் பலர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர்; வாவிக்கரையிலே வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. வீடுகளோடு முற்றங்களும் முற்றத்து மரங்களும் போயின. அடுக்குமாடியிலே மாங்காய் மிஞ்சுவதில்லை. சந்தையில் எண்ணி வாங்கியதே வீட்டுக்கு வருகின்றது. எனினும் வைகாசி பிறந்ததும் அம்மாடிகளின் ஒடுங்கிய பல்கனிகளிலே, உலரும் துணிகளுக்கு நடுவே, வாயிற் சீலை கட்டிய கண்ணாடிப் போத்தல்கள் சில வெயிலுக்கு வைக்கப்பட்டிருக்கும். மழைத்துளி விழுந்தவுடன் உள்ளிருந்து ஒரு கை நீண்டு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்.