கேரளப் பல்கலைக்கழகத்தில் சேரும் முன் தமிழ் மாணவர்கள் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டை பேருந்து நிலையத்தில் இருந்து நகரப் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் பாளையத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகத் தலைமையகம் வந்துவிடும். ஆனால் அதன் பெரும்பாலான ஆய்வுத் துறைகள் அங்கு இல்லை. அவை சுமார் 15 கி.மீ. தொலைவில், கழக்கூட்டத்துக்கு அருகே காரியவட்டம் வளாகத்தில் இயங்குகின்றன. இளங்கலையில் சேர்வோரில் பெரும்பாலானோர் இந்த இரண்டு இடங்களிலும் அமர்ந்து படிப்பதில்லை. பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட அரசு, அரசு உதவி பெறும் அல்லது சுயநிதிக் கல்லூரிகளிலேயே அவர்களின் படிப்பு முடிந்துவிடுகிறது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதுதான்: படிக்கும் இடம் எது, பட்டம் தரும் அமைப்பு எது.

திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் ஆணையால் 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட இது, 1957இல் கேரளப் பல்கலைக்கழகமானது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அதன் முதல் துணைவேந்தர். 1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், நாகர்கோவில் குடும்பங்கள் பலவற்றுக்கு இது அயல் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தோன்றுவதில்லை. தமிழ்த் துறையும் இங்கு உண்டு. பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான வ.அய். சுப்பிரமணியம் இங்கு பேராசிரியராக இருந்தவர். காரியவட்டத்தில் உள்ள கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் வடமொழி, மலையாளச் சுவடிகளுடன் தமிழ் ஓலைச்சுவடிகளும் பாதுகாக்கப்படுகின்றன. தமிழில் ஆய்வு செய்ய நினைப்பவர் தரவரிசைப் பட்டியலுக்கு முன் இந்த நூலகத்தைப் பார்ப்பது நல்லது.

பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர்?

கேரளப் பல்கலைக்கழகத்தின் எல்லை திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழா மாவட்டங்களும் பத்தனம்திட்டாவின் ஒரு பகுதியும் மட்டுமே. கல்லூரி திருவனந்தபுரத்தில் இருப்பதாலேயே பட்டமும் இப்பல்கலைக்கழகத்தினுடையது என்று கருத முடியாது. 1939இல் தொடங்கிய திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி இன்று ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளது. இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் பட்டத்தை வழங்குவது திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். காசர்கோட்டில் 2009இல் தொடங்கப்பட்ட கேரள மத்தியப் பல்கலைக்கழகம் முற்றிலும் வேறு அமைப்பு. பெயர் ஒற்றுமையால் விண்ணப்பத்தை மாற்றி அனுப்புவோர் உண்டு.

பெயரை நம்பி ஏமாறும் ஆபத்தும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில், கேரளத்தின் கிஷநாட்டம் என்ற முகவரியுடன் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் என்ற பெயர் பல ஆண்டுகள் இடம்பெற்றது. மானியக் குழுவின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தரச்சான்று யாருக்கு?

தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு (நாக்) 2022இல் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு 3.67 புள்ளிகளுடன் 'ஏ பிளஸ் பிளஸ்' தரம் அளித்தது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தரவரிசையில் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்கள் பிரிவில் 2024இல் 9ஆம் இடமும், 2025இல் 5ஆம் இடமும் கிடைத்தன. இவை பெருமைக்குரியவையே. ஆனால் அவை மதிப்பிடுவது பல்கலைக்கழகத்தை. இணைப்புக் கல்லூரிகளை அல்ல. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித் தரமதிப்பீடு உண்டு. கல்லூரியின் விளம்பரப் பலகையில் பல்கலைக்கழகத்தின் தரம் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தால், கல்லூரியின் சொந்தத் தரம் என்ன என்று கேட்பது அவசியம்.

மூன்றாண்டா, நான்காண்டா?

கேரளத்தின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் 2024-25 கல்வியாண்டு முதல் நான்காண்டு இளங்கலைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. மூன்றாம் ஆண்டு முடிவில் 133 கிரெடிட்டுகளுடன் சாதாரணப் பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டும் படித்து 177 கிரெடிட்டுகள் பெற்றால் ஹானர்ஸ் பட்டம் கிடைக்கும். நான்காண்டு முடித்தவர்கள் முதுகலையை ஓராண்டில் நிறைவு செய்யவும் வழியுண்டு. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கமாக இருப்பதால், படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்ப எண்ணுவோர் எந்த ஆண்டில் வெளியேறுவது என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

எல்லை தாண்டினால் மாறும் சலுகைகள்

இடஒதுக்கீட்டில்தான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதிக்கு, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபின் அதே உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் தீர்ப்பளித்தது. ஆந்திராவில் பிறந்து மகாராஷ்டிரத்தில் மருத்துவ இடம் கோரிய பழங்குடி மாணவரின் வழக்கு அது. ஆகவே தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழுடன் வருவோர், கேரளத்தில் பொதுவாகப் பொதுப்பிரிவிலேயே போட்டியிட நேரும். சாலைக் கடைவீதி, கரமனை பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை வேறு. அவர்கள் பிறப்பிடச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் அக்‌ஷயா மையம் வழியாக விண்ணப்பித்து, சேர்க்கை தொடங்கும் முன்பே கையில் வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாடு அரசுப் பணி குறித்த கணக்கு இன்னும் நுட்பமானது. தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை அளிக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. பணிக்கு விதிக்கப்பட்ட கல்வித் தகுதி வரை, முதல் வகுப்பு தொடங்கித் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது திருத்தம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர் கேரளத்தில் ஆங்கில வழியில் பட்டம் பெற்றால், பட்டப்படிப்புத் தகுதியிலான பணிகளுக்கு அந்த முன்னுரிமையை இழப்பார். பள்ளிக் கல்வித் தகுதியிலான பணிகளுக்கு அது தொடரும்.

நிர்வாகமும் தேர்வு முடிவும்

மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஆளுநர். நிதி தருவது மாநில அரசு. இருவரும் மோதும்போது பல்கலைக்கழகத்தின் அன்றாடப் பணிகளும் பாதிக்கப்படுகின்றன. கேரளப் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின், சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மோகனன் குன்னும்மலிடம் கூடுதல் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. வேந்தர் பதவியில் இருந்து ஆளுநரை நீக்கும் மசோதாவை 2022 டிசம்பரில் சட்டப்பேரவை நிறைவேற்றியது. 2025 ஜூலையில் பதிவாளரைத் துணைவேந்தர் பணியிடை நீக்கம் செய்ய, சிண்டிகேட் அதை ரத்து செய்தது. தமிழக வாசகர்களுக்கு இது புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் 2023 ஆகஸ்ட் முதல் துணைவேந்தர் பதவி நெடுநாள் காலியாகவே கிடந்தது.

விளைவுகளை அனுபவிப்பவர் மாணவர். நிர்வாகப் பூசலுடன் தொடர்பில்லாத சாதாரணக் கவனக்குறைவும் அவரையே தாக்குகிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. மாணவர்கள் 71 பேர் 2024 மே மாதம் எழுதிய ஒரு தேர்வின் விடைத்தாள்கள் திருத்துநரிடம் இருந்து தொலைந்துபோயின. 2025 மார்ச்சில்தான் அது வெளியே தெரிந்தது. படிப்பை முடித்துவிட்டவர்கள் மீண்டும் தேர்வெழுத அழைக்கப்பட்டனர்.

இதனால் ஒரு பல்கலைக்கழகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. குறைந்த கட்டணத்தில் தரமான ஆசிரியர்களிடம் படிக்க ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு இன்றும் மாநிலப் பல்கலைக்கழகமே பெரிய வாய்ப்பு. ஆயினும் விரும்பும் துறையில் கடந்த ஆண்டு இறுதித் தேர்வு எப்போது நடந்தது, முடிவு எப்போது வெளியானது, பட்டச் சான்றிதழ் எத்தனை மாதத்தில் கைக்கு வந்தது என்று அங்கு படித்து முடித்த இரண்டு மூன்று பேரிடமாவது கேட்டறிய வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ குறிப்பிட்ட தேதிக்குள் சான்றிதழ் தர வேண்டியவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கிட்ட பிறகே கட்டணம் செலுத்துவது நல்லது.