மேக்னம் உதையும் மேழிப் பிடியும்

நம்ம சினிமா ஹீரோக்கள் ரிவால்வரால் சுடும்போது கை ஆடவே ஆடாது, கவனிச்சிருக்கீங்களா? நிஜத்தில் பாயிண்ட் 44 மேக்னத்தை அப்படி ஒற்றைக் கையில் அலட்சியமாப் பிடிச்சால் குழல் நெற்றியைத் தேடி வரும்.

அந்தத் தோட்டாவுக்கு மூலகாரணம் எல்மர் கீத். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பண்ணை நடத்தியவர், வேட்டைக்காரர், துப்பாக்கிகளைப் பற்றி எழுதிக் குவித்தவர். பாயிண்ட் 44 ஸ்பெஷல் தோட்டாவில் மருந்தைக் கூட்டிக் கூட்டி வேட்டையாடிக்கிட்டிருந்த மனுஷன், கம்பெனிக்காரங்களையும் நச்சரிச்சார். ரெமிங்டன் தோட்டா செய்ய, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் செய்ய, 1955 கடைசியில் மேக்னம் பிறந்தது. குண்டு 15 கிராம், துப்பாக்கி 1.3 கிலோ. ஆசையா வாங்கி, ஆறே தோட்டா சுட்டுவிட்டு வித்தவங்க கதை நிறைய உண்டு.

கை வலிக்கிறதோட போனால் பரவாயில்லை. உதைக்குப் பயந்த கை, விசையை இழுக்கும் முன்னாடியே துப்பாக்கியைக் கீழே அமுக்கிடும். நெஞ்சில் பட வேண்டிய குண்டு காலில் படும். அந்த மான் காட்டுக்குள் ஓடி, எங்கேயோ மெல்லச் சாகும்.

முதல் வைத்தியம் பிடியில்தான். 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரின் வளைந்த பிடிக்கு அமெரிக்கர்கள் வைத்த பேர், நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், மேழி! ஏர் பிடிக்கிற அதே மேழிதான். சுட்டதும் பிடி உள்ளங்கைக்குள் உருண்டு மேலே போகும். உதை நேரா எலும்பில் இறங்காது. பழைய கரிமருந்துத் தோட்டாவுக்கு அது போதும். 1956-இல் ரூகர் அதே வடிவப் பிடியில் மேக்னத்தைப் போட்டபோது, உருண்டு வந்த துப்பாக்கியின் விசைக்காப்பு நடுவிரல் முட்டியைப் பதம் பார்த்தது. 1959-இல் சூப்பர் பிளாக்ஹாக் என்று நீளமான பிடி கொடுத்தாங்க; பிடியின் சட்டத்தையும் அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாத்தினாங்க.

எஃகு என்றால் எடை. துப்பாக்கி இரண்டு மடங்கு கனமானால் உதையின் ஆற்றல் பாதியாகும். கணக்கு சுத்தம். சுமக்கிற இடுப்புக்குத்தான் கஷ்டம்.

மூணாவது, குழல் நுனியில் துளை. 1920களில் கட்ஸ் என்பவர் செய்த காம்பன்சேட்டர், தாம்சன் இயந்திரத் துப்பாக்கியில் ஏறியது. 1970களில் லாரி கெல்லியின் மேக்-னா-போர்ட், மின்பொறியால் ரிவால்வர் குழலிலேயே துளை அரித்துக் கொடுத்தது. வாயு மேலே பீறிடும், குழல் கீழே அமுங்கும். குழல் எகிறுவது நல்லாவே குறையும். பின்னால் வரும் உதை அவ்வளவாக் குறையாது. கூடவே, தீச்சுடரும் சத்தமும் சுடுபவர் பக்கமே திரும்பும்.

இங்கேதான் எனக்கு இடிக்குது. என்சிசியில் நான் சுட்டது பாயிண்ட் 22 ரைஃபிள். அதில் உதையே கிடையாது. ஆனாலும் முதல் தோட்டாவுக்குக் கண்ணை இறுக மூடிக்கிட்டேன். வெறும் சத்தத்துக்கு! காட்டில் காதை மூடாமல் சுடுகிறவனுக்குத் துளை போட்ட குழல் பயத்தைக் குறைக்குமா, கூட்டுமா? என் ஓட்டு பிடிக்கும் எடைக்கும்தான்.

2003-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாயிண்ட் 500 மேக்னம் கொண்டுவந்தபோது மூணு வைத்தியத்தையும் சேர்த்தே செஞ்சாங்க. ரப்பர் பிடி, குழல் நுனியில் காம்பன்சேட்டர், எடை 2 கிலோ. ரைஃபிளையே தூக்கிட்டுப் போயிருக்கலாமேய்யா!