களுத்துறை முகங்கள்

1858-ல் லினேயஸ் டிரைப் நம்ம மதுரையைப் படம் பிடித்தார். கோயில், மஹால், தெப்பக்குளம் எல்லாம் இருக்கு, முகங்கள்தான் அபூர்வம். தல்லாகுளத்தில் உட்கார்ந்து அந்தக் காலத்து முகங்களைத் தேடினால் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஜூலியா மார்கரெட் கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர். கேமரா கைக்கு வந்ததே 48 வயதில். இங்கிலாந்தில் டென்னிசன், டார்வின் போன்றவர்களை எடுத்தார். ஈரக் கொலோடியன் தகடு. சில நிமிஷம் அசையாம உட்காரணும். அவ்வளவு நேரம் முகத்தில் ஒரு வேஷத்தைப் பிடித்து வைக்க யாரால் முடியும்? உள்ளே இருப்பது மெதுவாக மேலே வந்துவிடும். ஃபோகஸ் சரியில்லை என்று விமர்சகர்கள் திட்டினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

1875-ல் இலங்கைக்குக் குடிபோனார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள். (இலங்கைத் தோட்டங்களுக்கு நம்ம பக்கத்துச் சனமும் கூலிக்குப் போயிருக்கு.) களுத்துறையில் 1878-ல் எடுத்த ஒரு படத்தில் ஒரு சிறுமியும் கிழவரும். சிறுமிக்கு 12 வயசு. தனக்கு நூறு வயசு, இவள் என் மகள் என்கிறார் கிழவர். இதையெல்லாம் கேட்டுக் குறித்திருக்கிறார் கேமரன். பெயரை மட்டும் காணோம். தலைப்பு, 'களுத்துறைக் குடியானவர்கள்'. டார்வின் தாடியெல்லாம் எனக்கு இந்தப் படத்துக்கு அப்புறம்தான்.