ஒளிவினையூக்கி: எங்கே பிரிப்பது?

ஒளிவினையூக்கி என்ற சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சொல்லன்பரே. இடையினமும் மெல்லினமுமாக வழுக்கிக்கொண்டே வரும் ஓசை, கடைசியில் இரட்டைக் ககரத்தில் முட்டி நிற்கும். சொல் முழுவதிலும் வல்லினம் அங்கே மட்டுந்தான். வெயிலை வாங்கி, அந்த ஆற்றலால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எரிபொருள் தருவதற்கும், கரியமில வாயுவை மெத்தனால் போன்ற பொருள்களாக மாற்றுவதற்கும் வேதியியலார் தேடும் பொருளுக்கு இன்று இதுவே பெயர்.

ஊக்கம் என்றதும் குறளின் ஊக்கமுடைமை நினைவுக்கு வரும். உள்ளத்தின் எழுச்சி அது. ஆனால் கலித்தொகையில், குறிஞ்சிக்கலியில், ஊசலில் அமர்ந்த பெண்ணொருத்தி எதிரே வந்து நின்றவனிடம் தன்னைச் சற்றே ஆட்டிவிடச் சொல்லுமிடத்தில் அவள் வாயில் வருவதும் இந்த ஊக்குதலே. அங்கே அதன் பொருள் கையால் தள்ளுதல். இதழ் குவிந்து முன்னே நீளும் ஊகாரத்திலேயே அந்தத் தள்ளல் இருப்பதாக எனக்குத் தோன்றும். (சேலையில் குத்தும் ஊக்கு இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று, அது ஆங்கில ஹூக்.) வினையூக்கியைப் பழைய பாடநூல்கள் கிரியா ஊக்கி என்றெழுதின, பின்னர் கிரியை போய் வினை வந்தது, வினைவேக மாற்றி என்றொரு பெயரும் உடன் வழங்கிற்று. வேதிவினையைத் தாக்கம் என்னும் ஈழத்துத் தமிழ், வெறுமனே ஊக்கி என்று சுருக்கமாக நிறுத்திக்கொண்டது.

ஐரோப்பியப் பெயரின் வழி வேறு. பிளாட்டினத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் தீப்பற்றுவது, அமிலம் பட்டு மாப்பொருள் சர்க்கரையாவது முதலிய நிகழ்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த சுவீடன் நாட்டு பெர்சீலியஸ், 1835இல் கிரேக்கத்திலிருந்து கேட்டலிசிஸ் என்ற பெயரை எடுத்தார். கேட்டா என்பது கீழ். லைசிஸ் என்பது அவிழ்த்தல், தளர்த்தல். பின்னாளில் வேதியியலார் ஓஸ்ட்வால்டு, இப்பொருள்கள் வினையின் வேகத்தையே மாற்றுகின்றன என்று வரையறுத்தார். 1909இல் நோபல் பரிசும் பெற்றார். ஆக வினைவேக மாற்றி ஓஸ்ட்வால்டின் வரையறையைத் தமிழில் சொல்வது. பெர்சீலியசின் அவிழ்த்தலோ நம் பெயர்கள் எதிலும் இல்லை. உண்மையில் வினையூக்கி எதையும் தள்ளுவதில்லை. தானே இறங்கக்கூடிய வினையின் வழியிலுள்ள தடையைத் தாழ்த்துகிறது, அவ்வளவே. அப்படியானால் ஊக்கி என்றது பிழையா?

நீருக்கு வருவோம். பதினெட்டு கிராம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் குறைந்தது 237 கிலோஜூல் ஆற்றலை வெளியிலிருந்து ஊட்டவேண்டும். இது மேடேறும் வினை, தடையைத் தாழ்த்தினால் மட்டும் நடவாது. 1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் நீரில் அமிழ்ந்த ரூட்டைல் படிகத்தில் ஒளியைப் பாய்ச்சியபோது, படிகத்தில் ஆக்சிஜனும், கம்பியால் இணைத்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜனும் எழுந்தன. ரூட்டைல் என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பூச்சுகளுக்கு நிறம் தருவதும் அச்சேர்மமே, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடப்பதும் அதுவே. புற ஊதாக் கதிர்களை மட்டுமே அது ஏற்பதால் வெயிலின் பெரும்பகுதி வீணாகிறது. ஐம்பதாண்டுத் தேடலின் பெரும்பாடு அந்த இடத்தில்தான்.

இனிப் பிரிப்போம். ஒளிவினை + ஊக்கி என்றால் ஒளியால் நிகழும் வினைக்கு விரைவு தருவது. ஒளி + வினையூக்கி என்றால் ஒளியால் வினையை ஊக்குவது, மூன்றாம் வேற்றுமைத்தொகை. சுவரில் படிந்த அழுக்கை ஒளியில் சிதைக்கும் பூச்சுக்கு முதற்பிரிப்புப் போதும், அது இறங்கும் வினை. மேடேறும் வினையையும் இதே பெயரால் வழங்கலாகாது, ஒளிச்சேர்க்கையோடு சேர்த்தெண்ணவேண்டும் என்று வாதிடும் வேதியியலார் உண்டு. எனக்கோ இரண்டாம் பிரிப்பு அவர்கள் குறையைத் தமிழளவில் தீர்த்துவிடுவதாகவே படுகிறது. 2021இல் ஜப்பானிய வேதியியலார் டோமெனின் குழுவினர் 100 சதுர மீட்டர் பரப்பில் தகடுகளை வெயிலில் விரித்து ஹைட்ரஜன் எடுத்துக் காட்டினர். வெயிலின் ஆற்றலில் உச்ச அளவாக 0.76 விழுக்காடே எரிபொருளாயிற்று. அத்தகடுகளில் ஒளியை வாங்கி எலக்ட்ரான்களை மேலே தள்ளுவது ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்னும் சேர்மத்தின் துகள். இத்தகைய துகள்களின்மேல் ரோடியம், கோபால்ட் போன்றவற்றை மிக நுண்ணிதாக ஒட்டுவார்கள்; தடையைத் தாழ்த்தும் வேலை, பெர்சீலியசின் அவிழ்த்தல், அவற்றினுடையது, அவற்றுக்குப் பெயர் துணைவினையூக்கி. தள்ளுகிற பொருளுக்கே ஊக்கி என்ற பெயர் முழுமையாகப் பொருந்துகிறது.