தகட்டில் உறைந்த சொல்

மாந்தரைப் போலவே சொற்களுக்கும் பிறந்த இடமும் வளர்ந்த வரலாறும் உண்டு. ஒருவரை நேரில் அறிய முயலாது, அவர் இனத்தாரைப் பற்றிக் கேள்வியுற்றதை எல்லாம் அவர்மீது ஏற்றிக் காணும் வழக்கத்தை ஆங்கிலத்தார் 'ஸ்டீரியோடைப்' என்பர். அச்சொல் பிறந்த இடம் அச்சுக்கூடமாகும்.

அந்நாளில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் அமைத்தனர். அச்சிட்டு முடிந்ததும் அவற்றைப் பிரித்து அறைகளில் இட்டுவிடுவர். அதே நூல் மீண்டும் வேண்டின், முதலிலிருந்து கோக்க வேண்டும். செலவும் மிகும், புதுப் பிழைகளும் புகும். எடின்பரோ நகரப் பொற்கொல்லர் வில்லியம் கெட் என்பார் 1725ஆம் ஆண்டையொட்டி இதற்கொரு வழி கண்டார். கோத்த பக்கத்தின்மேல் சாந்தை அப்பி அச்செடுத்து, அதில் உருக்கிய உலோகத்தை வார்த்து, முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக்கினார்.

பின்னர்ப் பாரிஸ் நகர அச்சாளர் ஃபிர்மேன் தீதோ 1795இல் மடக்கை அட்டவணை நூலொன்றைத் தம் தகட்டு முறையில் வெளியிட்டார். 'ஸ்டீரியோடைப்' என்னும் பெயரை இட்டவரும் அவரே என்பர். கிரேக்க மொழியில் 'ஸ்டீரியோஸ்' என்பது திண்மை. 'டைப்போஸ்' என்பது பதிந்த தடம். மடக்கையில் ஓர் இலக்கம் பிறழினும் கணக்கு முழுதும் பிழையாகும். ஒருமுறை திருத்தியது மீண்டும் பிறழாதிருக்கவே தகடு விரும்பப்பட்டது.

மெய்யைக் காக்கப் பிறந்த அப்பெயர், நாளடைவில் மாறாது திரும்பத் திரும்ப வருவதற்கெல்லாம் ஆகிவந்தது. 1922இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன், பிறரைப் பற்றி நம் உள்ளத்தில் முன்கூட்டியே உறைந்து நிற்கும் படங்களுக்கு அதனைச் சூட்டினார். நாமும் 'அச்சில் வார்த்தாற்போல்' என்று சொல்வதுண்டன்றோ?

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இச்சொல்லின் பொருளை அகராதி உணர்த்த வேண்டுவதில்லை. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் ஒருங்கே 'மதராஸி' என்னும் ஒரே தகட்டில் வார்க்கப்பட்டோம். சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடு எனப் பெயர் பெற்ற பின்னரும் அத்தகடு தேய்ந்தபாடில்லை. அது கிடக்க, தமிழ்நாட்டிலும் வடக்கிலிருந்து வந்த வணிகர் பலரும் 'சேட்டு' என்ற ஒரு பெயருள் அடங்கிவிடுவதுண்டு.

அச்சாளரோ தம் தகட்டை மாற்றவொண்ணாததெனக் கருதியவரல்லர். பிழை கண்டவிடத்து அப்பகுதியை வெட்டி நீக்கி, உரிய எழுத்தை அங்கே பற்றவைத்தனர். ஈயத்தகட்டுக்கு இயன்றது மனத்தகட்டுக்கு இயலாதா? அடுத்த வீட்டாரின் ஊரையும் மொழியையும் பெயரையும் நாம் கேட்டறிவோம். நம்முடையவற்றை அவர்க்கு எடுத்துரைப்போம். திருத்தம் அங்கே தொடங்கும்.