736 பரப்புக் காணி

யாழ்ப்பாணத்தானுக்கு எந்த நிலத்தைக் கண்டாலும் முதலில் வருகிற கேள்வி "இது எத்தனை பரப்பு?" என்பதுதான். 1988 இல் மொன்றியலுக்கு வந்த புதிதில் டவுன்ரவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். வேலை முடிந்து நடுச்சாமத்தில் சேர்புரூக் வீதியால் நடந்து வரும்போது, அந்தக் கல்வாசலுக்கு அங்காலே தெரிகிற புல்வெளியைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போடுவேன். விடை கிடைக்க இருபது வருசம் சென்றது. மகள் அங்கே படிக்கப் போனபிறகுதான் மக்கில் பல்கலைக்கழகத்தின் கதையைத் தேடி வாசித்தேன். தொடக்கத்தில் 46 ஏக்கர். ஏக்கருக்கு 16 பரப்பு என்றால் 736 பரப்பு!

ஜேம்ஸ் மக்கில் 1744 இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். இங்கே வந்து விலங்குத் தோல் வியாபாரத்தில் பணக்காரர் ஆனவர். 1813 டிசம்பரில் அவர் இறந்தபோது, பேர்ன்சைட் என்ற தன் தோட்டத்தையும் பத்தாயிரம் பவுணையும் கல்விக்கென்று மரணசாதனத்தில் எழுதி வைத்திருந்தார். ஒரு நிபந்தனை: பத்து வருசத்துக்குள் தன் பெயரில் கல்லூரி வரவேண்டும், இல்லாவிட்டால் சொத்து உரித்தாளருக்கே திரும்பிவிடும்.

பிறகென்ன, வழக்குத்தான். மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளை காணியை விடமாட்டேன் என்று நின்றார். அரச பட்டயம் 1821 இல் கிடைத்தும் கல்லூரி திறந்தது 1829 இல். வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. எங்கட ஊர்க் காணி வழக்குகளும் ஒருகாலம் போய் முடிந்த அதே இடம். இதை வாசித்தபோது மக்கில் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

1855 இல் வில்லியம் டோசன் அதிபராக வந்தபோது வளவில் மாடுகள் மேய்ந்தனவாம். அவர் மரம் நட்டார், 38 வருசம் இருந்து அதைப் பல்கலைக்கழகமாக ஆக்கினார். பெண்களை 1884 இல் சேர்த்தார்கள், வகுப்புகள் மட்டும் வேறு வேறு. வில்லியம் மக்டொனால்ட் என்ற புகையிலை முதலாளி பௌதிகக் கட்டடம் கட்டிக் கொடுத்தார். புகையிலை விற்றுச் சேர்த்த காசு, ஆனால் மனிசனுக்குப் புகைமணமே பிடிக்காது. அவர் வருகிறார் என்றால் யன்னல்களை அவசரமாகத் திறந்து விடுவார்களாம். அந்தக் கட்டடத்துக்குத்தான் 1898 இல் 27 வயது ரூதர்போர்ட் வந்தார். ஒரு மூலகம் தானாகவே இன்னொரு மூலகமாக மாறும் என்று அவரும் சொடியும் கண்டது இங்கேதான். 1908 இல் நோபல் பரிசு கிடைத்தபோது ரூதர்போர்ட் இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தார்.

இதுவரைக்கும் நல்ல கதை. எங்கட திருநெல்வேலியிலும் இப்படித்தானே, பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் வந்தது. கொடுத்தவரைக் கும்பிடுவது எங்கட பழக்கம்.

மகள்தான் கேட்டாள்: "அப்பா, மக்கிலுக்கு அடிமைகள் இருந்தது தெரியுமா?"

தெரியாது. குறைந்தது ஐந்து பேர், கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும். மரி லூயிஸ், ஜாக் என்று சில பெயர்கள் பதிவில் இருக்கின்றன. ஒரு பூர்வகுடிப் பையனுக்குப் பெயரே இல்லை.

காணியின் பழைய கதை அதற்கும் முந்தினது. 1535 இல் கார்ட்டியே வந்தபோது மலையடிவாரத்தில் ஒசலாகா என்ற ஊர் இருந்தது, சுமார் ஐம்பது நீள்வீடுகள். 1603 இல் சாம்பிளேன் வந்தபோது அந்த ஊர் இல்லை. 1860 இல் சேர்புரூக் வீதிக்குக் கீழே அத்திவாரம் வெட்டியபோது எலும்பும் சட்டிபானை ஓடுகளும் வந்தன. அவற்றை ஆராய்ந்தவர் அதே டோசன். இதுதான் ஒசலாகா என்று நம்பினார். அது சரியா என்பதில் இன்றும் இணக்கமில்லை. ரொறன்ரோவின் கிங்ஸ் கல்லூரிக்கு அரசு 2 இலட்சத்து 25 ஆயிரம் ஏக்கர் கொடுத்தது. அமெரிக்காவில் 1862 சட்டத்தின்படி பல்கலைக்கழகங்களுக்குப் போனது ஒரு கோடி ஏக்கருக்கு மேல். எல்லாம் யாரோ வாழ்ந்த நிலம்.

நான் இங்கே வந்த இரண்டாம் வருசம், 1990 இல், வலி வடக்கில் எங்கட ஆறு பரப்புக் காணி கம்பிவேலிக்குள்ளே போனது. அம்மா காணி உறுதியைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு ஓடினா. அது இப்போது என்னுடைய அலுமாரியில் இருக்கிறது. எனக்கு உறுதி இருக்கிறது, காணி இல்லை. ஒசலாகாக்காரருக்குக் காணி இருந்தது, உறுதி இல்லை. அந்தக் கல்வாசலுக்கு வெளியே நின்று பரப்புக் கணக்குப் போட்டபோது இது எனக்குத் தோன்றவேயில்லை என்பதுதான் வெட்கம்.

ஒசலாகா நினைவுக்கல் ஒன்று வளவுக்குள் ஒதுக்குப்புறமாகக் கிடந்தது. மகள் பட்டம் பெற்ற நாளில் அது எங்கட கண்ணில் படவில்லை. 2016 இல்தான் எல்லாரும் காணும் இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். நாங்கள் படம் எடுத்தது, காற்றுக்குத் தொப்பியைப் பிடித்தபடி நடக்கிற மக்கில் சிலைக்குப் பக்கத்தில். அந்தச் சிலையை 2021 இல் எடுத்துவிட்டார்கள்.

படம் இன்னும் விறாந்தையில் தொங்குகிறது. கழற்றுவோமா என்று கேட்டேன். மனிசி விடவில்லை. அது பிள்ளையின் படம், அந்தாளின் படமில்லை என்கிறா.